தாடை வைத்த கார்

சக்கரம் என்ற ஒன்றை மனிதன் உருட்டத் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை, நான்கு சக்கரமும் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றபடி வருடாந்திரத் தகுதிச் சோதனையில் பாஸ் ஆன கார் ஒன்றே ஒன்றுதான். அது லிஃப்ட்காரருடைய கார். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். அவருடைய மச்சானே முதலில் நம்பவில்லை. இத்தனைக்கும் அது நடந்தபோது அந்த மனுஷர் காருக்குள்ளேதான் இருந்தார்.

லிஃப்ட்காரர் என்றால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. லிஃப்ட்டை மாட்டுகிறவர், கழற்றுகிறவர், நடுவில் நின்றுபோனால் மேலே ஏறிக் கயிற்றைத் தட்டிப் பார்த்தே காய்ச்சலா சளியா என்று சொல்லிவிடுகிறவர். முப்பத்தெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற அன்று கைக்கடிகாரம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், கழற்றிப் போட்ட பழைய சாமான்களைக் கொடுங்கள் போதும் என்றார். இரண்டு லாரி நிறைய வந்தது. அத்தனையும் வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகையில் நின்ற காருக்குள் போய்ச் சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால் அதுதான் கைவேலை.

கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. உருண்டை முகம், முட்டைக்கண் விளக்கு, பின்புறம் கொஞ்சம் தூக்கலாக, பார்ப்பதற்கு எதற்கோ கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தொழில் பழக்கத்தில் அவர் அதைப் 'பெட்டி' என்றுதான் கூப்பிடுவார். கியர் கம்பி இருந்த இடத்தில் பித்தளைப் பலகை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பொத்தான்கள். பின்னால் போவதற்கு 'அடித்தளம்'. எதை அழுத்தினாலும் 'டிங்' என்று ஒரு மணி. அந்த மணிச் சத்தத்துக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் நாய்கள்கூட ஒழுங்காக வரிசையில் நிற்கும். நான்கு கதவும் சாத்தாவிட்டால் பெட்டி நகராது. பெட்டி ஓரிடத்தில் ஒழுங்காக நிற்காவிட்டால் கதவு திறக்காது. பாரம் அதிகமானால் ஒரு பெண் குரல் பேசும்: "ஒரு ஆள் இறங்குங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க." குரல் அவருடைய மனைவியுடையது. மிரட்டும் குரலில் பதிவு செய்ததில்லை, அவர் சாதாரணமாகப் பேசுவதே அப்படித்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. வம்பு தாடையில்தான் வந்தது.

லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்புத் தாடை இருக்கும். கயிறு அறுந்து பெட்டி விழ ஆரம்பித்தால் தாடை பாய்ந்து பக்கவாட்டில் இருக்கும் கம்பத்தைக் கவ்விக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஏழாவது மாடியிலிருந்து ஒரு பெட்டி லிஃப்ட்காரரோடு சேர்ந்து விழுந்தது. அரை மாடி போனதும் தாடை கவ்வியது. அந்த அரை மாடியை அவர் மறக்கவே இல்லை. தாடை இல்லாத எதிலும் அவருக்கு நிம்மதியாக உட்கார வராது. ஆகவே காருக்கும் தாடை வைத்தார்.

"கார் எங்க மாப்பிள்ளை விழப்போகுது?" என்று மச்சான் கேட்டார்.

"விழாதுன்னு யாரு உங்களுக்கு எழுதிக் குடுத்தா?"

"அது தரையிலதானே ஓடுது?"

"எல்லாப் பெட்டியும் தரையிலதான் இருக்கும் மச்சான். விழுந்தப்புறம்."

ஒருமுறை வேகத்தடையில் பெட்டி ஒரு குதி குதித்தது. விழுகிறோம் என்று நினைத்துக்கொண்ட தாடை பாய்ந்து, எதிர்வீட்டு இரும்புக் கேட்டைக் கவ்விவிட்டது. அவரும் பெட்டியும் கேட்டோடு வீடு வந்து சேர்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்து வந்து, தன் வீட்டுக்குள் போவதற்காக அந்தக் கேட்டைத் தட்டினாராம். இது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கேட் வந்தது உண்மை.

மச்சான் என்பவர் லிஃப்ட்காரர் மனைவிக்கு அண்ணன். கடைகடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'முத்திரை'. 'கிட்டத்தட்ட' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். அதை நீட்டிப் பார்க்காமல் அவர் ஒரு வாசலையும் தாண்டியதில்லை. சேர்த்து வைத்த பழைய தராசுகள் நூற்றுப் பன்னிரண்டுடன் தங்கை வீட்டு மாடியறைக்குக் குடிவந்தார். மாடியறையில் அவர் இருந்தார். தராசுகள் ஹாலில் இருந்தன.

பெட்டி ஏற்கனவே இரண்டு முறை சோதனையில் ஃபெயில். இரண்டு முறையும் ஒரே காரணம்: 'வண்டிக்கு அடியில் பல் போன்ற அனுமதியற்ற பொருள்.' மூன்றாவது முறையும் ஃபெயில் என்றால் பதிவு ரத்து. அப்புறம் அது கார் இல்லை, வெறும் இரும்பு.

மனைவி தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா பெட்டி இரும்புக் கடைக்கு, கொட்டகை அண்ணனுக்கு. தராசைத் தாண்டித் தாண்டி என் முட்டி ரெண்டும் போச்சு."

"எனக்கொண்ணும் அவசரமில்லம்மா," என்றார் முத்திரை. அன்று மாலையே கொட்டகையை நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து வைத்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு அடியில் போனார். மூன்று நாள் போனார். ஒவ்வொரு நாளும் தாடையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்துவிட்டு, ஒரு திருகுகூடக் கழற்றாமல் வெளியே வந்தார். நான்காம் நாள் துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, தாடைகளை மேலே இழுத்துக் கட்டி, கயிற்றின் நுனியைத் தரைப்பலகையில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்து, பின் சீட்டுக்கு அடியில் முடிச்சுப் போட்டார். மேலே ரப்பர் விரிப்பு. கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. வேறு ஒருவருக்கும் தெரியாது.

"மாப்பிள்ளை," என்றார் முத்திரை மறுநாள் காலை. "கொடிக்கயிறு ரெண்டு மீட்டர் நாப்பது குறையுதே."

"சுருங்கியிருக்கும் மச்சான்."

"நைலான் சுருங்காது."

சோதனைக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். லிஃப்ட்காரர் போய் ரப்பர் விரிப்பை இன்னொரு முறை இழுத்து விட்டார்.

அன்று கிளம்பும்போது இரண்டே பேர்தான் ஏறினார்கள். அதற்கே, "ஒரு ஆள் இறங்குங்க," என்றது குரல். முத்திரையின் தோள்பையைத் திறந்து பார்த்தால் உள்ளே பித்தளை எடைக்கற்கள். எந்த ஊரில் எந்தத் தராசு தப்பு காட்டுமோ என்று கையோடு கொண்டு போவாராம். பையை இறக்கி வைத்த பிறகுதான் பெட்டி நகர்ந்தது.

சோதனை நிலையம் என்பது உயரமான ஒரு தகரக் கூடம். நீளமாக ஒரு வரிசை. சோதிப்பவருக்கு 'டார்ச்' என்று பேர். பட்டப்பகலில் திறந்த வெளியில்கூட டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். பெட்டியைக் கண்டதும் அவர் முகம் பல்வலி வந்ததுபோல் ஆனது.

"மறுபடியுமா?"

"கடைசித் தடவைங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"அதை எடுத்தாச்சா?"

"எதை?"

"பல்லை. எடுத்துட்டீங்களான்னு கேக்கறேன்."

"கண்ணுக்கே தெரியாதுங்க." இது பொய்யில்லை.

விளக்குகள் எரிந்தன. ஹாரனை அழுத்தச் சொன்னார். அழுத்தினால், "வெளிய வர்றவங்களுக்கு வழி விடுங்க," என்றது குரல். முன்னால் வரிசையில் நின்ற இரண்டு வேன்கள் தாமாக ஒதுங்கின. டார்ச் 'ஒலிப்பான்: மரியாதையாக உள்ளது' என்று எழுதினார்.

அடுத்தது தூக்கும் மேடை. நான்கு இரும்புக் கம்பங்கள். அவற்றுக்கு நடுவே, சக்கரம் ஏறி நிற்க இணையாக இரண்டு நீளப் பலகைகள், பலகைகளுக்கு இடையே ஆள் நிற்கும் அளவுக்குச் சந்து. வண்டியை ஏற்றி நிறுத்தி மேலே தூக்கிவிட்டு, டார்ச் அந்தச் சந்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பெட்டியை ஏற்றி நிறுத்திவிட்டு லிஃப்ட்காரர் இறங்கினார்.

"உள்ள யாருமில்லையே?"

லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். பின் சீட்டில் தலை எதுவும் தெரியவில்லை. "மச்சான் டீ குடிக்கப் போயிருப்பார்."

மச்சான் டீ குடிக்கப் போகவில்லை. பின் சீட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டு, ரப்பர் விரிப்பைத் தூக்கி, இரண்டு மீட்டர் நாற்பது கொடிக்கயிற்றைக் கண்டுபிடித்திருந்தார்.

சுவரில் இருந்த பொத்தானை டார்ச் அழுத்தினார். மேடை முனகிக்கொண்டு மேலே போனது. மேலே போகிறோம் என்று தெரிந்ததும் பெட்டிக்கு என்ன சந்தோஷம் வந்ததோ, டிங் என்று மணி அடித்து, "முதல் மாடி," என்று அறிவித்தது. வரிசையில் நின்றிருந்த ஓட்டுநர்கள் எல்லோரும் வண்டிகளை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

டார்ச் சந்துக்குள் போய் நின்று வெளிச்சம் அடித்தார். முன்பக்கம் பார்த்தார். நடுவில் பார்த்தார். "பரவால்ல. எடுத்துட்டீங்க போலிருக்கே," என்றார். லிஃப்ட்காரர் ஒரு மாசமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள், டார்ச்சின் மூக்குக்கு முன்னால் இரண்டு தாடைகளும் கொடிக்கயிற்றோடு தொப்பென்று தொங்கி விழுந்தன.

"இது என்ன?" என்றார் டார்ச்.

மேடையைத் தூக்கிப் பிடித்திருந்த எண்ணெய்க் குழாய் வெடித்தது அப்போதுதான்.

இனி நடந்ததைச் சொல்ல எடுக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அது நடக்க எடுத்தது. மேடை அப்படியே இடிந்து இறங்கியது. ஒரு பலகை டார்ச்சின் இடது தோளை உரசாமல் விழுந்தது, ஒரு பலகை வலது தோளை உரசாமல் விழுந்தது. நடுவில், அவர் தலைக்கு நேராக வரவேண்டிய பெட்டி மட்டும் வரவில்லை. தாடைகள் படீரென்று பக்கவாட்டில் பாய்ந்து கம்பங்களைக் கவ்வியிருந்தன. மேடை கீழே. பெட்டி மேலே. நடுவில் வெறும் காற்று, காற்றில் டார்ச்.

கூடத்தில் ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். ஈக்கள்கூட உட்கார்ந்துவிட்டன.

டிங்.

"பயப்படாதீங்க," என்றது குரல். "ஆள் வந்துக்கிட்டிருக்காங்க."

பெட்டியின் பின் ஜன்னலில் மெல்ல ஒரு தலை எழுந்தது. முத்திரை. ஒரு கையில் கொடிக்கயிறு. கதவைத் தள்ளினார், குலுக்கினார். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் பெட்டி கதவைத் திறக்காது. காற்று வர ஜன்னலை இரண்டு விரல் மட்டும் இறக்க முடிந்தது.

"மச்சான், சிவப்பு போனை எடுங்க," என்று கீழேயிருந்து கத்தினார் லிஃப்ட்காரர். பெட்டி நடுவழியில் நின்றுபோனால் எடுப்பதற்கு என்று அவர் வைத்தது. எடுத்தால் வீட்டில் மணி அடிக்கும்.

முத்திரை எடுத்தார். "ஹலோ," என்றது குரல். பதிவா தங்கையா என்று புரியாமல் அவர், "யாரு வர்றாங்க, எப்ப வர்றாங்க?" என்று கேட்டார்.

"யாரு வரணும்? எண்ணெய் காயுது, சீக்கிரம் சொல்லுண்ணா. எங்க இருக்கே?"

"சோதனை நிலையத்துல."

"என்னாச்சு?"

லிஃப்ட்காரர் இங்கிருந்தே, "பெட்டி அந்தரத்துல நிக்குதுன்னு சொல்லுங்க," என்றார்.

"அந்தரத்துல நிக்குதாம், உன் வீட்டுக்காரர் சொல்றார்," என்றார் முத்திரை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. எப்பவும்போல நின்னுபோச்சு. ஃபெயில்தான்."

தாடை கவ்விய பெட்டியைக் கீழே இழுத்து விடுவிக்க முடியாது. ஒரு சாண் மேலே தூக்கினால்தான் தானாக வாயைத் திறக்கும். அதை லிஃப்ட்காரர் விளக்கியதும் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு ஜாக்கியோடு வந்தார்கள். உயரம் எட்டவில்லை. அலுவலகத்திலிருந்து நிராகரித்த விண்ணப்பக் கட்டுகளைத் தூக்கி வந்து அடுக்கினார்கள். பதினெட்டு வருஷத்து ஃபெயில்கள். அடியில் எங்கோ பெட்டியின் இரண்டும் இருந்தன. அடுக்கு வளர்ந்து சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே வந்தபோது, மேலதிகாரி அம்மா வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதி முடிக்கற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. மேடையை யாரு உடைச்சா?"

"குழாய் வெடிச்சு தானா விழுந்துச்சும்மா," என்றார் டார்ச். குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. "அந்தத் தாடை புடிக்கலைன்னா நான் இன்னைக்குச் செருப்புக்கு அடியில வைக்கிற அட்டை. இந்த வண்டிக்குப் பாஸ் போடணும்."

"எந்த விதியில?"

"கை பிரேக் விதியில. சரிவுல நிறுத்தினா நழுவாம நிக்கணும்னு இருக்கு."

"எவ்வளவு சரிவு?"

"முழுச் சரிவும்மா. இதுக்கு மேல சரிவே கிடையாது."

அம்மா பெட்டியைப் பார்த்தார். "நீங்க உயிர் பொழைச்ச சந்தோஷத்துல பேசறீங்க. வண்டியில இருந்த பல்லு கம்பத்தை இழுத்து மேடையை உடைச்சிருந்தா? அப்ப ஃபெயில். மேடை முதல்ல விழுந்து, அப்புறம் வண்டி புடிச்சிருந்தா வேற கதை. உள்ளே இருந்தவர்தான் சொல்லணும். ஐயா, எது முதல்ல?"

எல்லோரும் அண்ணாந்தார்கள். லிஃப்ட்காரரும் அண்ணாந்தார். ஜன்னலின் இரண்டு விரல் இடைவெளியில் மச்சானின் மூக்கு தெரிந்தது. அந்த மூக்குக்குப் பின்னால் ஒரு கொட்டகையும், சுவரோரமாக வரிசையாக நூற்றுப் பன்னிரண்டு தராசுகளும் தெரிந்தன. லிஃப்ட்காரர் கெஞ்சவில்லை. கெஞ்சினால் எடையைக் குறைத்துச் சொல்லும் ஆள் மச்சான் இல்லை.

"நான் எதையும் பார்க்கல," என்றார் முத்திரை. "கீழ குனிஞ்சிருந்தேன். விழுந்த மாதிரியும் தெரியல."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார்.

"சரி," என்றார் அம்மா. "எழுதுங்க டார்ச். பார்த்த சாட்சி இல்லை. வண்டி தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில்..."

"சுமாரா?" என்றது மூக்கு.

"சுமார் இரண்டு மீட்டர்."

"சுமார்னு எழுதி கையெழுத்துப் போடுவீங்களா? ஒரு அரசாங்கத் தாள்ல?"

"ஐயா, ஏணி வச்சு அளக்க நேரமில்ல."

"ஏணி எதுக்கு?" ரப்பர் விரிப்பை விலக்கும் சத்தம் கேட்டது. தரைப்பலகை ஓட்டை வழியாக மஞ்சள் டேப் ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கி வந்து தரையைத் தொட்டது. "தரையிலேருந்து தரைப்பலகை வரைக்கும் ரெண்டு மீட்டர் மூணு சென்டிமீட்டர். எழுதிக்குங்க. சுமாரை அடிச்சிடுங்க."

டார்ச் அடித்துவிட்டு எழுதினார். "ரெண்டு மூணு."

"இப்ப ரெண்டு மூணு," என்றார் முத்திரை, பழக்கதோஷத்தில். "மேடை மேல போய் நின்னப்ப ரெண்டு பதினஞ்சு. ரெண்டையும் போடுங்க. இல்லாட்டி அளவு அரைகுறையா இருக்கும்."

அம்மாவின் பேனா நின்றது. "மேல நின்னப்ப அளந்தீங்களா?"

"ஓட்டையைப் பார்த்தா அளக்காம இருக்க முடியுமா?"

"அப்ப பன்னெண்டு சென்டிமீட்டர் எங்க போச்சு?"

டேப் லேசாக ஆடியது. முப்பத்து நான்கு வருஷ உத்தியோகத்தில் அந்த மனுஷர் ஒரு கிராமைக்கூட மறைத்ததில்லை. பன்னிரண்டு சென்டிமீட்டரை எங்கே ஒளித்து வைப்பார்.

"விழுந்துச்சு," என்றார் கடைசியில்.

"வண்டியா?"

"மேடை முழுசா விழுந்துச்சு. வண்டி பன்னெண்டு சென்டிமீட்டர்தான் விழுந்துச்சு."

"மிச்சம்?"

"மிச்சத்தை விழவிடாம தாடை புடிச்சிடுச்சு. மேடைதான் முதல்ல. போதுமா?"

அம்மா பெட்டிக்கு அடியில் போய் நின்று, ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, படிவத்தில் 'பல் போன்ற அனுமதியற்ற பொருள்' என்று இருந்ததை அடித்து, 'கூடுதல் கை பிரேக், நன்றாக உள்ளது' என்று தன் கையாலேயே எழுதினார். விண்ணப்பக் கட்டு ஒன்றின் மேல் தாளை வைத்து 'பாஸ்' முத்திரை குத்தினார். லிஃப்ட்காரர் அதை வாங்கிப் படிக்கப் பார்த்தார். எழுத்துகள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்த மாதிரி தெரிந்தன. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேலே சிவப்பு போன் இன்னும் முத்திரையின் தோளுக்கும் காதுக்கும் நடுவில்தான் இருந்தது.

"அண்ணா," என்றது அது, கூடமெங்கும் கேட்கும்படி. "நானும் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். அவர் சொன்னது நிஜமா? பெட்டி காத்துலயா நிக்குது?"

"ஆமான்னா என் தராசு ஹால்லயே இருக்கும், பரவால்லயா?" என்று பதில் கேள்வி கேட்டார் முத்திரை.

"தராசு கிடக்கட்டும்ணா. மழுப்பாதே. நடந்துச்சா, இல்லையா?"

முத்திரை டேப்பை ஓட்டை வழியாக மெதுவாக மேலே இழுத்துச் சுருட்டினார். கீழே ஐம்பது பேர் அண்ணாந்து காத்திருந்தார்கள்.

"நடந்துச்சு," என்றார். "கயித்தை அவுத்ததும் நான்தான். போனை வை."